மாஸ்டருக்குச் சம்பளம் யார் தருவது? வடசென்னையில் ரக்பி தொடங்க நாலு வழி

வியாசர்பாடியில் 'செவன்ஸ் டோர்னமென்ட்' என்று பேனர் கட்டினால் ஊர் ஃபுட்பால் என்றுதான் நினைக்கும். ரக்பியிலும் செவன்ஸ் இருக்கிறது. அணிக்கு ஏழு பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், பாதிக்கு ஏழு நிமிடம். 2016 ரியோ முதல் ஒலிம்பிக்கில் ஆடப்படுவது இதுதான். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையைத் தூக்கியது. கபடியில் ஆளைப் பிடித்துப் பழகிய பையனுக்கு டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது, புதிதல்ல. ஃபுட்பால் ஆடிய பெண்ணுக்கு இடைவெளி பார்த்து ஓடுவதும் புதிதல்ல. ஆட ஆள் இருக்கிறது. பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

கண்ணெதிரே நாலு கதவுகள். உலக ரக்பி அமைப்பு டப்ளினிலிருந்து இறக்கும் பணம், மணலி-எண்ணூர் பக்கத்து ஆலைகள் சமூகப் பொறுப்புக்குச் செலவிடும் சிஎஸ்ஆர் பணம், அரசு, பிரீமியர் லீக். ஏரியா பிரமுகர் என்று ஐந்தாவதாக ஒருவரும் உண்டு. அவர் கோப்பை தருவார், பிரியாணி தருவார், பேனரில் நம்மைவிடப் பெரிதாக நிற்பார். அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கிரவுண்டில் இருக்கமாட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கதவுகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். முதல் ஆண்டுச் செலவைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 30 பிள்ளைகள், வாரம் மூன்று வகுப்பு, 40 வாரம்: மொத்தம் 120 வகுப்பு. இரண்டு கோச், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஆளுக்கு ஒரு வகுப்புக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 1,20,000. வகுப்பு முடிந்ததும் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், தலைக்கு 12 ரூபாய்: 43,200. பந்து எட்டு, ஒன்று 1,200 வீதம் 9,600. ஆளைப் பிடிக்காமல் இடுப்பில் ஒட்டிய பட்டையைப் பிடுங்கும் டேக் ரக்பிக்கு டேக் பெல்ட் முப்பது, 150 வீதம் 4,500. டேக்கிள் பழகும் இருபது பேருக்குப் பல் காப்பு, 250 வீதம் 5,000. கூட்டினால் 1,82,300. ஐஸ், கட்டுத்துணி, ஆட்டோ, விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் அடக்கலாம்.

பந்து, பெல்ட், பல் காப்பு மூன்றும் சேர்ந்து 19,100, அதாவது பத்தில் ஒரு பங்கு. கோச் சம்பளம் மூன்றில் இரண்டு. ஆனால் உதவி செய்ய வருகிறவர் முதலில் கேட்பது 'எத்தனை பந்து வேண்டும்?' என்றுதான். பந்தைப் படம் எடுக்கலாம், சம்பளத்தைப் படம் எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கதவிடமும் கேட்க வேண்டிய கேள்வி, மாஸ்டருக்கு மாதச் சம்பளம் வருமா என்பதே.

டப்ளின் பணம் எப்படி இறங்குகிறது

உலக ரக்பி அமைப்புக்கு வயது அதிகம். 1886-ல் தொடங்கியது, 2014-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. வருமானம் வரும் வழி மட்டும் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: நாலு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆண்கள் உலகக் கோப்பை. வணிக வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதில்தான் வருகிறது. டிவி உரிமையும் ஸ்பான்சர் பணமும் உலக அமைப்புக்குப் போகும். போட்டியை நடத்தும் நாடு டிக்கெட் வசூலை வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு தொகைக்கு உத்தரவாதம் தர வேண்டும். இங்கிலாந்து 2015-க்கு 80 மில்லியன் பவுண்டு தந்தது, ஜப்பான் 2019-க்கு 96 மில்லியன். ஒரு போகம் விளைந்து நாலு வருஷம் சாப்பிடும் குடும்பம் மாதிரி. 2020-ல் கொரோனா வந்து ஆட்டங்கள் நின்றபோது, சுமார் 100 மில்லியன் டாலர் நிவாரணத்துக்கு ஒதுக்க வேண்டியதாயிற்று. அதுவும் இதே களஞ்சியத்திலிருந்து.

2016 முதல் 2019 வரையான சுற்றில் ஆட்டத்தின் வளர்ச்சிக்கென அந்த அமைப்பு அறிவித்த முதலீடு 482 மில்லியன் பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் நாலாயிரம் கோடி ரூபாய். படிக்கிற நமக்கு, அதில் ஒரு துளி தண்டையார்பேட்டைக்கு வராதா என்று தோன்றும். வரும், ஆனால் ரூபாயாக வராது.

வழியில் மூன்று மதகுகள் இருக்கின்றன. டப்ளின் தனி கிளப்புடன் பேசாது. உறுப்பு நாட்டுச் சங்கங்களுடனும் ஆறு மண்டலச் சங்கங்களுடனும்தான் பேசும். நமக்கு மண்டலம் ஆசியா ரக்பி, நாட்டுச் சங்கம் ரக்பி இந்தியா, அதற்குக் கீழே மாநிலச் சங்கம். பெரிய சங்கங்களின் தேவை முதலில் நிற்கும். உலகக் கோப்பை ஆண்டில் அவர்கள் இழக்கும் நவம்பர் ஆட்ட வசூலுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். அமைப்பின் அவையில் இங்கிலாந்து, நியூசிலாந்து போன்ற பெரிய சங்கங்களுக்கு மூன்று வாக்கு வீதம் இருக்க, ஆசிய மண்டலம் முழுவதற்கும் இரண்டு. பந்தியில் யார் இலை முன்னால் விழும் என்று இதிலேயே தெரிகிறது. நாட்டுச் சங்கத்துக்கு வரும் மானியமும் திட்டம், அறிக்கை, தலைக்கணக்கு என்று நிபந்தனைகளோடு தவணையாகத்தான் வரும்.

அந்தத் தலைக்கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. 'கெட் இன்டு ரக்பி' என்ற அறிமுகத் திட்டத்தின் படிகள் மூன்று: ஆடிப் பார், ஆடு, நிலைத்து நில். ஜப்பான் உலகக் கோப்பையை ஒட்டி ஆசியாவில் பத்து லட்சம் புதியவர்கள் என்று இலக்கு வைத்தார்கள், இலக்கைத் தாண்டியும்விட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். ஆனால் முதல் படியை எண்ணுவது சுலபம். ஒரு பள்ளியில் ஒரே காலையில் 200 பேர் கையில் பந்தைக் கொடுத்தால் 200. மூன்றாம் படியை எண்ண மூன்று வருஷம் ஆகும். அறிக்கைக் கெடு வரும்போது எந்த எண் மேலே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து நேராகவே உதவி வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறப் பதிவு தேவை. அதற்குச் சங்கம் மூன்று ஆண்டு இயங்கி, தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். இரண்டு லட்ச ரூபாய் கிளப்புக்கு அது எட்டாக்கனி. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பு தான் வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. பலர் கவனிக்காத இடம் இன்னொன்று: பணம் மட்டுமல்ல, பொருளும் இந்தச் சட்டத்தில் நன்கொடைதான். லண்டனில் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா கிளப்புக்கு இருபது பந்து அனுப்பினால் அதுவும் வெளிநாட்டு நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் அண்ணன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அப்படியில்லை.

அப்படியானால் இந்தக் கதவால் என்ன பயன்? இரண்டு. முதலாவது, படிப்பு. உலக அமைப்பின் ஆன்லைன் பாடங்கள் இலவசம்: பாதுகாப்பு, முதலுதவி, தலைக்காய மேலாண்மை, ஆட்டச் சட்டம். முதல்நிலை கோச் சான்றிதழுக்கு ஆன்லைன் பகுதியை முடித்துவிட்டு, சங்கம் நடத்தும் நேர்முகப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறும் மாஸ்டருக்குப் பக்கத்தில் கல்லூரிப் பையன் ஒருவனை உட்கார வையுங்கள், இரண்டு மாலையில் முடிந்துவிடும். இரண்டாவது, அங்கீகாரம். மாநிலச் சங்கத்தில் இணைந்தால்தான் மாநிலத் தேர்வு, தேசியப் போட்டி, செல்லுபடியாகும் சான்றிதழ் எல்லாம். தமிழ்நாட்டு அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டை நினைக்கும் வீட்டில், அப்பா அம்மா முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

சம்பளம்? இந்தக் கதவில் இல்லை.

மணலிப் பக்கம்

வடசென்னைக்கு உள்ள வசதி வேறு பல ஊர்களுக்கு இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், லாரித் தொழிற்சாலை. திருவொற்றியூரில் டயர் கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி லாபம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஏழாம் அட்டவணையில் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது. ரக்பி செவன்ஸ் ஒலிம்பிக் விளையாட்டு. ஆக, புகையைச் சுவாசிக்கிற ஏரியா கேட்கத் தகுதியுள்ள பணம் இது.

ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் மனுக்கள்தான் அதிகம். காரணங்களும் திரும்பத் திரும்ப அவையேதான். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி சங்கம் தொடங்க ஏழு பேர் போதும், செவன்ஸ் அணி மாதிரியே. ஆனால் சிஎஸ்ஆர் பணம் வாங்க அது போதாது. வருமான வரியில் 12ஏ, 80ஜி பதிவும் (சங்கத்துக்கும் நன்கொடையாளருக்கும் வரிச் சலுகை தருபவை), கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 எண்ணும், மூன்று ஆண்டு செயல்பாட்டுக் கணக்கும் வேண்டும். புதுச் சங்கம் அந்த மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏரியாவில் ஏற்கெனவே பதிவோடு இயங்கும் ஃபுட்பால் அமைப்பின் கீழே ரக்பியை ஒரு பிரிவாகச் சேருங்கள். ஈகோ கொஞ்சம் இடிக்கும், காரியம் நடக்கும்.

அடுத்த தவறு, 'டோர்னமென்ட் நடத்த ஸ்பான்சர் வேண்டும்' என்று எழுதுவது. ஒருநாள் நிகழ்ச்சியும் விளம்பர நோக்கமுள்ள ஸ்பான்சரும் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. '30 பிள்ளைகள், 120 வகுப்பு, மூன்று ஆண்டு' என்று எழுதினால் அது தொடர் திட்டம். அதில் 'பயிற்றுநர் மதிப்பூதியம்' என்று ஒரு வரி வரலாம். மாதச் சம்பளம் முறையாக நுழையும் வழி இந்த வரிதான். அதைக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு, பந்தையும் ஜெர்சியையும் பெரிதாக எழுதுகிறவர்கள் ஆறு மாதத்தில் ஜெர்சியோடு மட்டும் நிற்பார்கள்.

மனு போகும் மாதமும் முக்கியம். கம்பெனிக்கு ஆண்டு மார்ச்சில் முடிகிறது. நவம்பர் முதல் ஜனவரிக்குள் போனால் அடுத்த ஏப்ரல் பட்ஜெட்டில் இடம் கிடைக்க வாய்ப்பு. பிப்ரவரியில் போனால் மிச்சப் பணத்தை அவசரமாகத் தள்ளிவிடும் கைக்கு அகப்படுவீர்கள். அப்போது வருவது பொருள்தான்: நூறு பந்து, பூட்டி வைக்க அறை இல்லை.

அரசு

கிரவுண்ட் அரசிடம்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லை. மாநகராட்சி மைதானத்துக்கு அந்தந்த மண்டல அலுவலகம்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். முழு அளவு ரக்பி ஆடுகளம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். இரு முனையிலும் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போடும், அதாவது புள்ளி எடுக்கும் பகுதி தனி. இந்த ஏரியாவில் அவ்வளவு இடத்தை ஒரே சதுரமாகக் காட்டுவது கஷ்டம். தொடக்கத்துக்கு அது தேவையும் இல்லை. டேக் ரக்பிக்கு 40-க்கு 30 மீட்டர் போதும், அதாவது ஃபுட்பால் பசங்களிடம் அரைக் கிரவுண்டைக் கேட்டால் ஆயிற்று. கேட்கும் முறையில் கேட்க வேண்டும். அவர்கள் மாஸ்டரையே பேசச் சொல்லி, காலை ஆறு முதல் ஏழரை என்று நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் தரைகளை டேக்கிளுக்கு நம்பாதீர்கள். ரக்பிக்கான செயற்கைத் தரைக்கு உலக அமைப்பின் 22-ஆம் விதி இருக்கிறது. 1.3 மீட்டர் உயரத்திலிருந்து தலை மோதினாலும் அதிர்ச்சியைத் தாங்கும்படி தரை சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். சிமென்ட் மேல் புல் விரித்த ஐவர் ஃபுட்பால் தரை அந்தச் சோதனைக்குப் போனதே இருக்காது. அங்கே டேக் மட்டும். டேக்கிளுக்கு மண் கிளறிய கபடிக் களம் எவ்வளவோ மேல்.

கபடியிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஓடிவரும் ஆளின் முழங்காலுக்கு நேராகத் தலையைக் கொடுத்துப் பாய்வார்கள். ரக்பியில் தோள்தான் படவேண்டும். தலை எதிராளியின் பின்பக்கம் இருக்க வேண்டும், ஓடும் பாதைக்குக் குறுக்கே போகக் கூடாது. முதலில் இருவரும் முழங்காலில் நின்று, பிறகு நடந்து, அதன் பிறகு ஓடி என்று மூன்று வாரம் இதையே செய்ய வேண்டும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆள் வெளியே, அன்றைக்குத் திரும்ப ஆட்டம் கிடையாது. 'ஒண்ணும் இல்ல மாஸ்டர், நல்லா இருக்கேன்' என்று அவனே சொன்னாலும் கிடையாது.

அரசிடம் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் ரக்பிப் பணமாக எண்ணுவதில்லை: அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர். அவருக்குச் சம்பளம் ஏற்கெனவே மாதம் தவறாமல் வருகிறது. டப்ளினின் இலவசப் பாடத்தை அவரிடம் கொண்டு சேர்த்தால் இரண்டு கோச்சில் ஒருவர் கிடைத்துவிட்டார், பட்ஜெட்டில் 60,000 குறைந்துவிட்டது. எங்கள் கணக்கில் நாலு கதவிலும் மலிவான பணம் இதுதான். ஒடிசாவைப் பாருங்கள். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கிஸ் உறைவிடப் பள்ளி சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் கோச்சையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. அங்கே வளர்ந்தவர்கள் தேசிய அணிக்கு வந்தார்கள். பிறகு மாநில அரசே தேசிய அணிகளுக்கு ஸ்பான்சரானது.

குறையும் உண்டு. பிஇடி பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். மே மாதம் முழுக்கப் பள்ளி கிடையாது. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் டீம் அவரோடு போய்விடும். அதற்குத்தான் ஏரியாவைச் சேர்ந்த இரண்டாவது கோச். அரசு மைதானமும் நிரந்தரம் என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் செயற்கைப் புல் ஃபுட்பால் மைதானங்களைத் தனியாருக்கு விட மாநகராட்சி தீர்மானம் போட்டது, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. மைதானத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதற்குத் தேதி போட்ட கடிதமும் வருகைப் பதிவேடும் கையில் இருந்தால் அப்படிப்பட்ட நாளில் பேச ஏதுவாகும்.

லீக்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு அணி, அணிக்கு ஐந்து இந்தியர் என்றால் மொத்தம் முப்பது பேர். மீதி வெளிநாட்டவர். டிவியில் சென்னை என்ற பெயர் ஓடுவதால் பிள்ளைகளைக் கூட்டிவர உதவும், அவ்வளவே. அடிமட்டக் கிளப்புக்கு மாதாமாதம் பணம் தருவது அதன் வேலையும் இல்லை.

கையில் பணம் இருந்தால் மட்டும் கிளப் நடந்துவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1873-ல் தொடங்கிய கல்கத்தா ரக்பி கிளப்பில் ஆள் குறைந்துபோயிற்று, போலோவும் டென்னிஸும் இழுத்துக்கொண்டன. 1878-ல் வங்கிக் கணக்கை மூடி, 270 வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பையாக்கி இங்கிலாந்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான் மோதுகின்றன.

எந்த வரிசையில் தட்டுவது

தொகை குறைவாக இருந்தாலும் சங்கக் கதவைத்தான் முதலில். பாடமும் இணைப்பும் இல்லாமல் மற்றக் கதவுகள் திறக்காது. ஒலிம்பிக் விளையாட்டு என்று கம்பெனியிடம் சொல்ல, மாநிலச் சங்கத்தின் கடிதம் வேண்டும். இரண்டாவது பள்ளி, மூன்றாவது சிஎஸ்ஆர். முதல் ஆண்டை பள்ளி ஆசிரியர், ஏரியா கோச்சுக்குப் பாதிச் சம்பளம், மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் சந்தா என்று ஓட்டிவிட்டு, கையில் ஓராண்டு வருகைப் பதிவேட்டோடு நவம்பரில் மணலிக்குப் போகலாம். சந்தா தர முடியாத பிள்ளையை அதற்காக நிறுத்தக் கூடாது.

பொருளில் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. டேக் பட்டையை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணியில் தைத்துக்கொள்ளலாம்: 38 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், ஆளுக்கு இரண்டு, அணிக்கு ஒரு நிறம். இடுப்புப் பட்டையில் ஒட்டும் வெல்க்ரோதான் முதலில் கெடும். மணல் ஏறினால் பிடிக்காது, வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கியால் தேய்த்துவிடுங்கள். டேக் பிடுங்கப்படாமல் இருக்கப் பட்டையை முடிச்சுப் போடும் கெட்டிக்காரர்கள் எல்லா டீமிலும் இருப்பார்கள், ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவராக இழுத்துப் பாருங்கள். பந்து பத்து முதல் பதினாலு வயதுக்கு நாலாம் அளவு, அதற்கு மேல் ஐந்தாம் அளவு. வெயில் பட்ட தரையில் காற்றை இறுக்கமாக அடித்தால் தையல் விட்டுவிடும்.

நாட்காட்டியை ஒட்டவைப்பதுதான் பெரிய வேலை. டப்ளினுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, கம்பெனிக்கு ஏப்ரலில், பள்ளிக்கு ஜூனில். மழைக்கு அக்டோபரில். வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்து மைதானங்கள் வாரக்கணக்கில் தண்ணீரில் நிற்கும். அந்த நாட்களில் பள்ளி வராந்தாவில் சட்ட வகுப்பு நடத்தலாம், பந்து கைமாற்றப் பழக்கலாம், முதலுதவிப் பாடத்தை முடிக்கலாம். கிரவுண்ட் இல்லை என்று அந்த வாரங்களுக்கு மாஸ்டர் சம்பளத்தைப் பிடித்தால் அவர் டெலிவரி வேலைக்குப் போய்விடுவார், ஜனவரியில் திரும்ப வரமாட்டார். 40 வாரக் கணக்கில் மழை வாரங்களையும் சேர்த்தே எழுதுங்கள்.